இரண்டாம் சரணம்

நாகர்கோவில் கச்சேரிக்காரர்கள் மத்தியில் அவருக்கு வெஸ்ட்ரல் ஷாஜன் என்றுதான் பெயர். வெஸ்ட்ரல் என்பது ஷாஜன் வாசித்த எலக்ட்ரிக் கிட்டாரைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனி. பஹ்ரைனில் வேலை பார்த்த அண்ணன் முதல் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த கறுப்பு கிட்டார் அது. அப்போது ஷாஜன் பாலிடெக்னிக் மாணவர். பிறகு ராணித்தோட்டம் பஸ் பணிமனையில் வேலை கிடைத்தது, ஜெப்சியைக் கட்டினார், மீசை நரைத்தது. கிட்டார் மட்டும் மாறவில்லை.

அவர் சொல்லைக் கேட்டு ஊரில் எத்தனையோ பேர் வெஸ்ட்ரல் வாங்கினார்கள். பழைய கிட்டார்களை வாங்கியவர்கள் அவரை வாழ்த்தினார்கள். புதியவற்றை வாங்கியவர்கள் வீடு தேடி வந்து திட்டினார்கள். கம்பெனி கைமாறிவிட்டது, வேறு ஏதோ நாட்டில் செய்கிறார்கள் என்று கேள்வி. கழுத்தில் விரல் வைக்கிற கட்டைகளின் ஓரம் கையைக் கிழித்தது. முறுக்கி வைத்த தந்தி அரை மணி நேரத்தில் சுருதி இறங்கியது. ஷாஜன் ஒவ்வொரு குறையையும் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்புவார். “உங்கள் கருத்துக்கு நன்றி” என்று பதில் வரும்.

“அடுத்த மாடல்ல சரியாக்கிருவானுவ, பாத்துக்கோ” என்பார்.

“ஒனக்க மாமனா அவன்?” என்று கேட்பார் பகவதியப்பன். “வேற கம்பெனியே இல்லியா லோகத்துல?”

பகவதியப்பனுக்குக் கோட்டாறில் பாத்திரக்கடை. கச்சேரியில் பாட்டு. இருவரும் இருபது வயதில் சேர்ந்தவர்கள். கோயில் கொடை, சபை ஐக்கிய விருந்து, கல்யாணம், காதுகுத்து எதையும் விட்டதில்லை. பகவதியப்பன் பாடி நிறுத்துகிற இடத்தில் ஷாஜனின் கிட்டார் எடுத்துக்கொள்ளும். ஒருவர் மூச்சு வாங்க மற்றவர் இடம் விடுவார். அதற்கென்று அவர்கள் ஒத்திகை பார்த்ததே இல்லை.

போன வருஷம் மழைக்காலத்தில் கறுப்பு கிட்டாரின் கழுத்து முறுக்கிக்கொண்டது. உள்ளே இருந்த கம்பி தெறித்துவிட்டது. கம்பெனிக்கு எழுதினார். அந்த மாடலுக்கு இப்போது உதிரிபாகம் இல்லை, எங்கள் புதிய வரிசையைப் பாருங்கள் என்றார்கள். கோபத்தில் ஒரு வாரம் ஜெப்சியிடம்கூடச் சரியாகப் பேசவில்லை. பிறகு புதிய வெஸ்ட்ரல் ஒன்றையே வாங்கினார்.

“வெக்கம் கெட்ட மனுசன்” என்றாள் ஜெப்சி.

அதே நாட்களில்தான் பகவதியப்பனின் தொண்டை கரகரத்தது. கஷாயம், மாத்திரை எதற்கும் கேட்கவில்லை. திருவனந்தபுரத்தில் பார்த்தபோது புற்று என்றார்கள். குரல்வளையையே எடுக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. மகள் அஜிதாவின் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணம் முடிந்த மறுவாரமே அறுவை சிகிச்சை என்று ஏற்பாடாயிற்று.

“ஒரு பாட்டு பாடிட்டு வாறேன் டாக்டரேன்னு கேட்டேன்” என்று ஷாஜனிடம் சொன்னார் பகவதியப்பன். “ஒண்ணுன்னா ஒண்ணு, தொண்டைய அழுத்தப்பிடாதுன்னு சொல்லிட்டாரு. அஜிதாக்க பாட்டு பாடுகேன். நடுவுல நீ நீட்டி வாசி. நான் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிடுகேன்.”

அஜிதாவின் பாட்டு என்றால் அவள் தொட்டிலில் கிடந்தபோது அவர் பாடிய பழைய சினிமாப் பாட்டு. அவள் வளர்ந்த பிறகும் கரண்ட் போகும்போதெல்லாம் அதைக் கேட்டு அடம்பிடிப்பாள்.

முகூர்த்தம் காலையிலேயே முடிந்தது. மதியம் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது மண்டபத்தில் கச்சேரி. மற்ற பாட்டுகளை வினோஜ் என்ற புதுப் பையன் பாடினான். பிறகு பகவதியப்பன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையேறினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு வாசலில் வந்து நின்றார்கள். மாலை போட்டிருந்த அஜிதா நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

குரலில் பழைய வழவழப்பு இல்லை. ஆனால் சுருதி விலகவில்லை. பல்லவியையும் முதல் சரணத்தையும் மெல்லிய குரலில், வார்த்தை சிந்தாமல் பாடினார். பாடிவிட்டு மைக்கைத் தாழ்த்தி, ஷாஜனைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஷாஜன் தந்தியை மீட்டினார். இரண்டு சுரம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை.

வயர் செருகுகிற இடத்தை அழுத்தினார். கரகரவென்று ஒரு சத்தம், மறுபடி மௌனம். வயரைப் பிடுங்கி மாற்றினார். குமிழ்களைத் திருகினார். புதுக் கிட்டார், வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கீபோர்டு வாசித்த டெனிஷுக்கு அந்த இசை பாடமில்லை, எதையோ தேடித் தடவினான். தபலா மட்டும் தனியாகத் தட்டிக்கொண்டிருந்தது.

அப்போது பகவதியப்பன் மைக்கைத் தூக்கினார். ஷாஜன் வாசிக்க வேண்டியதைத் தானே “தானன்னா” என்று பாட ஆரம்பித்தார். முப்பது வருஷம் கேட்ட இசை. ஒரு வளைவு விடாமல், மேலே ஏற வேண்டிய இடத்தில் ஏறி, ஷாஜனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பாடினார். கூட்டம் கைதட்டியது. ஷாஜன் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

இசை முடிந்து இரண்டாம் சரணத்தின் முதல் சொல்லை எடுத்தபோது குரல் பிளந்தது. இருமினார். மறுபடி எடுத்தார். காற்றுதான் வந்தது. வினோஜ் ஓடிவந்து மைக்கை வாங்கிக்கொண்டான். அவனுக்கும் அந்தச் சரணம் தெரியாது.

“போதும்பா, போதும்” என்று அஜிதா மேடைக்கு ஓடிவந்து அவரைப் பிடித்துக்கொண்டாள்.

மறுவாரம் திருவனந்தபுரத்தில் குரல்வளையை எடுத்தார்கள்.

ஷாஜன் கம்பெனிக்கு எழுதினார். முன்பு எழுதிய மாதிரி இல்லை. கெட்ட வார்த்தைகளுக்கு இங்கிலீஷ் தேடி எழுதினார். ஈரக்காற்றினால் வரும் பழுதுக்கு உத்தரவாதம் செல்லாது என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார். உங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம் என்றார்கள். பணிமனையில் சாப்பாட்டு நேரத்திலும் எழுதினார். வெஸ்ட்ரல் வைத்திருப்பவர்களின் குழுவில் யார் யாருடனோ சண்டை போட்டார்.

“அந்தச் சாமானத் தூக்கி வெளிய போடுங்க” என்றாள் ஜெப்சி. “அவன திட்டினா அண்ணனுக்கு தொண்ட வருமா?”

அவர் போனை எடுத்து அடுத்த வரியைத் தட்டினார்.

பகவதியப்பன் வீடு திரும்பியதும் ஷாஜன் பார்க்கப் போனார். கழுத்தில் துளை, அதன்மேல் வெள்ளைத் துணி. பகவதியப்பனின் மனைவி சுனிதா நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். ஷாஜன் நாற்காலியை அருகே இழுத்து உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார், வரவில்லை. கடைசியில் கம்பெனியின் பதிலைச் சொன்னார்.

“நம்ம ஊர்க் காத்துல ஈரமாம். கிட்டாரு நனஞ்சு போச்சாம். கடல எடுத்துத் தூரப் போடணும்போல.”

பகவதியப்பனின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று ஷாஜன் பதறி எழுந்தார். சிரிப்புதான். சத்தமில்லாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தார். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த சுனிதா, “ஆஸ்பத்திரிக்குப் போனபொறவு இன்னிக்குத்தான் சிரிக்காரு அண்ணே” என்றாள்.

சித்திரையில், எதிர்பாராத ஒரு நாளில், கம்பெனியிலிருந்து வேறொரு கிட்டார் வந்தது. பழுதுக்கு மாற்றாம். பெட்டியைப் பிரிக்க ஷாஜனுக்கு மனமில்லை. கோட்டாறு வியாபாரிகள் சங்க ஆண்டுவிழா வந்தது, வேறு வழியில்லாமல் பிரித்தார்.

அருமையான கிட்டார். கட்டைகள் வெண்ணெய்போல் வழுக்கின. தந்தி இறங்கவே இல்லை. விழாவில் வினோஜ் பாடினான். பகவதியப்பன் சங்க உறுப்பினர், கழுத்தில் துண்டு சுற்றி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நாலாவது பாட்டின் நடுவில் ஷாஜன் நீட்டி வாசித்தபோது மண்டபமே அடங்கிக் கேட்டது. பழைய கறுப்பு கிட்டாரில்கூட அப்படி ஒரு நாதம் வந்ததில்லை. வாசித்து முடித்து நிமிர்ந்தார். பகவதியப்பன் வாசல் பக்கமாக நடந்து போய்க்கொண்டிருந்தார். ஷாஜனின் கை நிற்கவில்லை. பாட்டு இன்னும் பாதி இருந்தது.

மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் பாத்திரக்கடைக்குப் போனார். பகவதியப்பன் செம்புக் குடங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஷாஜனைக் கண்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். நேற்று எழுந்து போனதைப் பற்றி ஷாஜன் கேட்கவில்லை. பகவதியப்பன் இடது கையை நீட்டி, வலது கையால் தந்தி மீட்டுவதுபோலக் காட்டி, புருவத்தை உயர்த்தினார். புதுக் கிட்டார் எப்படி?

ஷாஜன் தெருவைப் பார்த்தார். ஒரு மினி லாரி சந்துக்குள் திரும்ப முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது.

“சவம், அதும் சரியில்ல மக்கா” என்றார். “ரெண்டாவது தந்தி நிக்கமாட்டேங்கு. இன்னிக்கு எழுதப்போறேன் அவனுவளுக்கு. நாலு தலமொறைக்கு ஒறைக்கணும்.”

பகவதியப்பனின் தோள்கள் மெல்லக் குலுங்க ஆரம்பித்தன. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, ம், சொல்லு என்பதுபோலக் கையசைத்தார். ஷாஜன் இல்லாத குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார்.