புள்ளிக்காரி இருக்கா

எலியாமனியின் வண்டியில் ரேடியோ நன்றாகத்தான் இருந்தது. அதில் அவனோடு பேசத்தான் ஆளில்லை.

செரெங்கெட்டிக் காட்டில் பயணிகளை ஏற்றிக்கொண்டு சுற்றும் ஓட்டுநர்களுக்குள் ஒரே சட்டம், கண்ணில் பட்ட மிருகத்தை ரேடியோவில் மற்றவர்களுக்கும் சொல்லிவிட வேண்டும். போன வறட்சியில் ஒரு புதுமண ஜோடி, "நாங்க மட்டும் பாக்கணும்" என்று கெஞ்சியதில் எலியாமனி மனம் இளகி, ஒரு சிறுத்தையைப் பார்த்ததை யாருக்கும் சொல்லாமல் அமுக்கிவிட்டான். பக்கத்துப் பாதையில் கூட்டாளி ஷிரிமா, அன்றே ஊர் திரும்பவேண்டிய கிழவர் ஒருவரை வைத்துக்கொண்டு அதே சிறுத்தையைத் தேடி அலைந்திருக்கிறான். கிழவர் பார்க்காமலே விமானம் ஏறினார். சாயங்காலம் விடுதியில் அந்த ஜோடி படம் காட்டிப் பீற்றிக்கொள்ள, குட்டு உடைந்தது.

அன்றோடு அவனைத் தள்ளிவைத்துவிட்டார்கள்; பேர் சொல்லிக்கூட யாரும் கூப்பிடுவதில்லை. மதியம் எல்லோரும் ஒரே மரத்தடியில் கலாய்த்துக்கொண்டே சாப்பிடுவார்கள். இவன் வண்டிக்குள் உட்கார்ந்து சப்பாத்தியைப் பிய்ப்பான். காட்டுமாடுகூடக் கூட்டமாக மேய்கிற ஊரில் இது என்ன பிழைப்பு!

இன்று காலை ஆற்று வளைவில், வேலமரக் கிளையிலிருந்து ஒரு வால் தொங்கியது. சட்டென்று ரேடியோவை எடுத்தான். சிறுத்தைக்கு ஓட்டுநர்கள் தங்களுக்குள் வைத்த பெயர் பயணிகளுக்குத் தெரியாது.

"புள்ளிக்காரி இருக்கா. ஆத்து வளைவு, வேலமரம். வாங்கப்பா."

கரகரப்புதான் வந்தது. மறுபடி சொன்னான். அதே கரகரப்பு.

பின் சீட்டில் இருந்த பயணி அம்மாள் பூரித்துப்போனாள். "சுத்தி ஒரு வண்டிகூட இல்ல! நமக்கு மட்டும்! என்ன அதிர்ஷ்டம்!"

"ஆமா மேடம்," என்றான். அழுகை முட்டியது. சிறுத்தையை விட்டுவிட்டு அவன் பாதையையே பார்த்தான். மற்ற ஓட்டுநர்கள் வருமுன் அது இறங்கிப் போய்விட்டால், பொய்யன் என்ற பேரும் சேர்ந்துவிடும்.

வெகுநேரம் கழித்துப் புழுதி தெரிந்தது. முதலில் ஷிரிமா, பின்னால் வரிசையாக வண்டிகள். வண்டிகள் பாதையை விட்டு இறங்கக்கூடாது என்பது காட்டு விதி. புதர்களுக்கு நடுவே மரம் தெரிகிற ஒரே இடைவெளியில் எலியாமனியின் வண்டி நின்றிருந்தது.

ஷிரிமா கழுத்தை நீட்டினான். "டேய் எலியா! இந்த இடத்துக்குப் பட்டா போட்டிருக்கியா? பின்னாடி எடுடா, கழுத!"

"எடுக்காதீங்க! நான் இன்னும் படம் எடுக்கலையே!" என்று அம்மாள் பதறினாள்.

அவன் ஏற்கனவே பின்னால் நகர்த்திக்கொண்டிருந்தான். கண்ணாடியில் எதுவும் சரியாகத் தெரியவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"மன்னிச்சுக்குங்க மேடம். என்னைப் பேர் சொல்லித் திட்டுறான்."