படி இல்லாத வீடு

ஜன்னலில் கால்கள் போகின்றன, பால் பாக்கெட் போடுகிறவரின் நீல ரப்பர் செருப்பு, எதிர் அடுக்குமாடியில் வேலை பார்க்கும் பெண்ணின் வெடித்த குதிகால், பின்னால் ஒரு சக்கரம், அது எதிர் ஃப்ளாட் மணிமொழியோட ஸ்கூட்டி, டயர்ல காத்து கம்மி என்கிறார் என் கணவர், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சின்ன ஜன்னலில் அவர் பார்க்கும் உலகத்தில் யாருக்கும் முகமில்லை, முழங்காலோடு எல்லோரும் முடிந்துவிடுகிறார்கள், இருந்தும் ஒருவரையும் அவர் தவறவிட்டதில்லை, இதே ஜன்னலில்தான் ஒரு காலத்தில் தாம்பரம் ரயில் முழுசாகத் தெரிந்தது, நடுவில் ஒரு சுவர் கிடையாது, இந்தப் பொட்டலுக்கு முதலில் வந்தவர்கள் நாங்கள், படியே வேணாம் மேஸ்திரி, நாளைக்குக் கெழமாகி முட்டி தேஞ்சா யாரு ஏறறது என்கிறார் அவர், அப்போது தலையில் ஒரு நரை இல்லை, மேஸ்திரி சிரிக்கிறார், நானும் சிரிக்கிறேன், வாசலும் மண்ணும் ஒரே மட்டமாக வீடு எழும்புகிறது.

ரோடுதான் இல்லை, ரோடு கேட்டு அவர் ஏறாத ஆபீஸ் இல்லை, முதல் ரோடு ரோலர் வந்த அன்று அதற்கு மாலை போட்டுப் பூசணிக்காய் உடைத்தவரும் அவர்தான், வந்தது வந்ததுதான், பிறகு நிற்கவேயில்லை, ஒவ்வொரு தேர்தலுக்கும், ஒவ்வொரு புது அடுக்குமாடிக்கும் பழைய தாரின் மேல் புதுத் தார், ரோடு ஏற ஏற நாங்கள் இறங்கினோம், பக்கத்து வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள், எங்கள் சுவர் தாங்காது என்று கைவிரித்துவிட்டார்கள், பள்ளத்து வீட்டை வாங்கவும் ஆளில்லை, படி வேண்டாம் என்றவரின் வாசலில் படிகள் முளைத்தன, வெளியே போக ஏறும் படிகள். தூக்கத்திலும் ரோடு வளர்கிறது, ஜன்னலை மூடி, மொட்டைமாடியை மூடி, எங்கள் தலைக்கு மேல் மெட்ரோ பிடிக்க ஜனங்கள் ஓடுகிறார்கள், கீழே ஆள் இருக்கிறது என்று கத்துகிறேன், அது கனவா அடுத்த வருஷமா தெரியவில்லை.

பக்கவாதம் வந்ததிலிருந்து படிமேல் பலகையைச் சாய்த்து, நாற்காலியைப் பின்னாலிருந்து மூச்சுப்பிடித்துத் தள்ளித்தான் அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றுகிறேன், ரோடு இன்னும் நாலு விரல் உயர்ந்தால் என்னால் முடியாது, பிறகு அவர் வெளியே போவது ஒரே ஒரு தடவைதான், அதுவும் நாலு பேர் தோளில். இன்று காலை தார் லாரி வந்து நிற்கிறது. தலைக்கு மேல போயாச்சு, சாண் என்ன முழம் என்ன, விடும்மா என்று சிரிக்கிறார், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, அடுப்பில் பால் இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு, செருப்புகூடப் போடாமல் ஏறி ஓடுகிறேன். தம்பி, பழசச் சுரண்டிட்டுப் போடுங்கப்பா, உள்ள நடக்க முடியாத மனுஷன் இருக்காரு. சுரண்டற மெஷின் வரலம்மா, போடத்தான் சொல்லியிருக்காங்க என்கிறார் சூப்பர்வைசர், பேசாம எதிர்ல ஃப்ளாட் பாருங்க, லிஃப்ட் இருக்கு. ரோலருக்கு முன்னால் போய் நிற்கிறேன், பின்னால் ஹாரன், ஆன்ட்டி, ப்ளீஸ், ஆபீஸ் டைம் ஆன்ட்டி என்கிறாள் மணிமொழி, நல்ல பெண்தான், அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், அவள் முகத்தைப் பார்த்து ஒதுங்கிவிட்டேன், ஒதுங்க எங்கள் ஜன்னலோரம்தான் இடம் இருந்தது, ரோலர் என்னைக் கடந்து போகிறது, தார் ஆவி பறக்கிறது, ஒரு பாட்டம் அழுகிறேன், யாருக்கும் கேட்காது.

சத்தம் அடங்கியதும் கீழேயிருந்து அவர் குரல், சமையலறைப் பக்கம் திரும்பி என்னைக் கூப்பிடுகிறார், இங்க வாயேன், யாரோ புதுசா குடி வந்திருக்காங்க போல, பாவம், கால்ல செருப்புகூட இல்ல. எப்போதும் அவர் நாற்காலிக்குப் பின்னால் நிற்பவள் நான், குனிந்து பார்க்கிறேன், வீங்கிப்போய், தார் ஒட்டி, எனக்கும் அவற்றை அடையாளம் தெரியவில்லை, ஜன்னலில் இரண்டு கால்கள் நிற்கின்றன.