செருப்பு அலமாரிக்கு அடியில் இருந்த மூடி

1

இந்தக் கதை எனக்கு ஒரு பிளம்பரிடமிருந்து கிடைத்தது. ஒழுகிக்கொண்டிருந்த சமையலறைத் தொட்டியைச் சரிசெய்ய வந்தவர், அடியில் தலையை நுழைத்தபடியே, "ஒரு காமெடி கேளுங்கக்கா" என்று ஆரம்பித்தார். சொல்லி முடித்து வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியதும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இது கக்கூஸ் அடைப்பைப் பற்றிய கதை. முகம் சுளிப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் அதைக் கழுவுவது யார் என்று மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு இறங்குங்கள்.

2

முதல் தொடக்கம்: "மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அவள் சன்னலோரம்..."

வேண்டாம். அந்த வீட்டில் அவளுக்குச் சன்னலோரம் நிற்க ஏது நேரம்?

இரண்டாவது: "மனிதன் தன் கழிவை மறைக்கத் தொடங்கிய நாளில்தான் நாகரிகம்..."

ஐயோ சாமி. அடித்தாயிற்று.

மூன்றாவது: "இவ வர்றதுக்கு முன்னாடி இந்த வீட்ல ஒரு தடவகூட அடைச்சதில்ல."

இது மாமியார் சொன்னது. இதையே வைத்துக்கொள்கிறேன். (இதை மறந்துவிடாதீர்கள். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் வயிற்றெரிச்சலே அதுதான்.)

3

அவள் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள். மருந்துக்கடையில் வேலை. வீட்டில் மாமியார், கணவன், அவள், அவ்வளவுதான். கல்யாணமாகி வந்த புதிதிலேயே கக்கூஸ் அடைத்துக்கொண்டது. இதே பிளம்பரைக் கூப்பிட்டுக் கம்பியால் குத்தினார்கள், அடைப்புப் போனது. மறுபடி அடைத்தது, மறுபடி குத்தினார்கள். பிறகு அது மாதவிலக்கு மாதிரி மாதா மாதம் வரும் என்றாகிவிட்டது.

"என்னத்தப் போட்டுத் தொலைச்ச? முடியா? பஞ்சா?"

"நான் எதுவும் போடல அத்தை."

"அப்ப நான் போட்டேனா? இத்தனை வருஷமா போடாதவ இப்பப் போடுறேனா?"

ஒருமுறை பிளம்பர் உள்ளே விட்ட ஸ்பிரிங் கம்பியில் ஒரு கொண்டை ஊசி மாட்டிக்கொண்டு வந்தது. அதைத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். (இதை என்னிடம் பெருமையாகத்தான் சொன்னார்.) ஒரு கொண்டை ஊசி ஒரு குழாயை அடைக்காது என்று அவருக்குத் தெரியும். ஆனால் எதையாவது எடுத்துக் காட்டினால்தானே வேலை செய்த மாதிரி இருக்கும். அன்றைக்கு அவள் கதை முடிந்தது. அவள் உள்ளே போய்விட்டு வந்தால் மாமியார் பின்னாலேயே போய்ப் பார்ப்பார். உள்ளே இருக்கும்போதே கதவுக்கு வெளியே தொண்டையைக் கனைப்பார். அடைப்பு எடுக்கும் ரப்பர் கட்டை அவள் பொறுப்பு, வாளியும் அவள் பொறுப்பு.

4

இனி எழுதப்போவதைப் பிளம்பர் சொல்லவில்லை. அவருக்குத் தெரியவும் தெரியாது. நானாகப் போடுகிறேன். நம்பிக்கை இல்லையென்றால் உங்களுக்குத் தெரிந்த எந்தப் பெண்ணை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அவள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். காலையில் எழுந்ததும் அடக்கிக்கொண்டு வேலைக்கு ஓடுவாள். கடைக்குப் பின்னால் ஒரு கழிவறை உண்டு, தாழ்ப்பாள் சரியாக விழாது, ஆனாலும் அங்கே யாரும் தொண்டையைக் கனைக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அன்றைக்கு நாக்கை நனைக்க மட்டும்தான் தண்ணீர். கடைசியில் நீர்க்கடுப்பு. எரிச்சல் தாங்காமல், கடையில் மற்றவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் அதே தட்டிலிருந்து தனக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டாள். வாங்க வருகிறவர்களிடம் சொல்வதையே வாய்க்குள் தனக்கும் சொல்லிக்கொண்டாள்: "தண்ணி நிறையக் குடிக்கணும்."

(மாமியாரைக் கெட்டவளாக்கிவிட்டேனோ என்று இங்கே பேனா நின்றது. ஒருநாள் விருந்தாளிகள் வந்திருந்தபோது கக்கூஸ் பொங்கிக் கூடம்வரை வந்துவிட்டது. அந்த அம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். பாவம்தான். எழுதிவிட்டேன், கணக்குச் சரி. ஆனால் அன்றைக்கும் கூடத்தைக் கழுவியது மருமகள்தான்.)

5

மருந்துக்கடைக்குப் பின்சந்தில் ஒருநாள் அடைப்பு எடுத்தார்கள். வந்த ஆள் உள்ளே கழிவறைப் பக்கமே போகவில்லை. சந்தின் தரையில் ஒரு வட்ட மூடியைத் திருகித் திறந்தான், கம்பியை விட்டான், மூடினான், கையைக் கழுவிக்கொண்டு போனான். அவள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து கணவனிடம் கேட்டாள். "ஏங்க, நம்ம வீட்டுக் குழாய்க்கு வெளிய மூடி எங்க இருக்கு?"

"அதெல்லாம் நம்ம வீட்ல கிடையாது."

கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான். இந்தப் பதிலை நான் பலமுறை எழுதிப் பார்த்துவிட்டேன். பொய்யாக எழுதினாலும் மறதியாக எழுதினாலும் வார்த்தை ஒன்றாகத்தான் வருகிறது.

அவள் விடவில்லை. அம்மாவும் மகனும் வெளியே போயிருந்த ஒரு பகலில் துணிக்கொடிக் கயிற்றை அவிழ்த்தாள். கக்கூஸின் வெளிச்சுவரில் குழாய் மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் ஒரு முனை, தெருச் சாக்கடையின் இரும்பு மூடியில் மறுமுனை. குழாய் போகும் வழி தெரிய இழுத்துக் கட்டினாள். கயிறு பக்கவாட்டுச் சந்து வழியாக நேராக ஓடி முன்வாசல் டைல்ஸைக் கடந்தது. கரண்டிக் காம்பால் ஒவ்வொரு டைலாகத் தட்டிக்கொண்டு போனாள். கயிறு செருப்பு அலமாரிக்கு அடியில் போயிற்று. மாமியார் செருப்பு, கணவன் செருப்பு, தன் செருப்பு என்று ஒவ்வொன்றாக இறக்கி வைத்துவிட்டு அலமாரியை நகர்த்தித் தட்டினாள். அந்த ஒரு டைல் மட்டும் 'பொத்' என்றது.

(இங்கே அவளைச் சிரிக்க வைக்க ஆசைப்பட்டு ஒரு வரி எழுதினேன்: "அவள் முகம் பூவாய்..." கை கூசியது. அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள்.)

6

பிளம்பர் வந்து டைலைப் பெயர்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவும் மகனும் திரும்பிவிட்டார்கள்.

"யாரைக் கேட்டு வாசல உடைக்கிற?" என்று மாமியார் பாய்ந்தார்.

பிளம்பர் டைலைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்தார். அடியில் மூடி. திருகித் திறந்து கையை விட்டார். கொஞ்சம் தள்ளிக் குழாய்க்குள்ளேயே சிமெண்ட் உறைந்து கிடந்தது. டைல் ஒட்டிய ஆள், மிச்சக் கலவையைக் கரைத்து இந்த வாய்க்குள்ளேயே ஊற்றிவிட்டு மேலே டைலை ஒட்டியிருக்கிறான். வந்ததெல்லாம் அதில்தான் மாட்டியிருக்கிறது. உளியை விட்டு உடைத்து, கட்டி கட்டியாக வெளியே எடுத்துப் போட்டார். பஞ்சு இல்லை, முடி இல்லை. தண்ணீர் ஊற்றினார்கள், கடகடவென்று ஓடியது.

கணவன் எட்டிப் பார்த்தான். "ஓ, இதுவா? கல்யாணத்துக்கு முன்னாடி டைல்ஸ் போட்டப்ப நான்தான் மேலயே ஒட்டச் சொன்னேன். வாசல்ல அசிங்கமா தெரிஞ்சுது."

ஓ, இதுவா. அவ்வளவுதான் சொன்னான். புது மருமகள் காலெடுத்து வைக்கப்போகிறாள் என்று வாசலை அழகுபடுத்தியிருக்கிறார்கள்.

மாமியார் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "பாத்தியாடா! நான் அப்பவே சொன்னேன்ல? இவ வந்ததுலேருந்துதான்னு!"

எல்லோரும் சிரித்தார்கள். பிளம்பர் என்னிடம் சொன்ன காமெடி இதுதான்.

7

"அந்தப் பொண்ணு என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

பிளம்பர் தொட்டிக்கு அடியிலிருந்து தலையை எடுத்தார். யோசித்தார். "அவங்களா? கவனிக்கலையேக்கா."

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. கணவன் மன்னிப்புக் கேட்பதாக எழுதினேன்: "என்ன மன்னிச்..." அவன் வாயில் அந்தச் சொல் ஒட்டவே இல்லை. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதாக எழுதினேன். தெருமுனைவரை போனாள், எங்கே போவதென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள், பேனாவை மூடிவிட்டேன். எதுவுமே நடக்காததுபோல் எழுதியதுதான் தங்குதடையின்றி வந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மூடி திறந்து கிடக்கிறது. சிமெண்ட் கட்டிகள் வாசலில் குவிந்திருக்கின்றன. கணவன் சொல்கிறான், "வேலைதான் முடிஞ்சுதே, அந்த டைல எடுத்துக் குடு. திரும்ப ஒட்டிடலாம்." பிளம்பரிடம் சொல்லவில்லை, அவளிடம் சொல்கிறான். டைல் சுவரோரம் அவள் கைக்கெட்டும் தூரத்தில் சாய்ந்திருக்கிறது.

இதற்குமேல் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவள் அதை எடுத்துக் கொடுக்கலாம், தரையில் போட்டு உடைக்கலாம், உங்கள் இஷ்டம். ஆனால் எழுதுமுன் ஒன்று செய்யுங்கள். அவள் உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து முழுசாகக் குடிக்கட்டும். பிறகு கக்கூஸுக்குப் போகட்டும், அவசரமில்லாமல். வெளியே யாரும் தொண்டையைக் கனைக்கக் கூடாது. அவள் வரும்வரை அந்த மூன்று பேரும் வாசலில் நிற்கட்டும்.