அக்கா தரப்பு

நடைமேம்பாலத்தின் படி இடிந்து அக்கா விழுந்தபோது நான் அவளுக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருந்தேன். கண்ணெதிரே படி பெயர்ந்தது, அவள் கால் மடங்கியது. வண்டியில் ஏற்றும்போதுகூட அவள் வலியைப் பற்றிப் பேசவில்லை.

"முதல்ல பாலத்தை மூடச் சொல்லுடா. இன்னும் எத்தனை பேர் விழணும்?" என்றாள்.

அவளை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, நிருபர் என்ற முறையில் நேராக அமைச்சரின் பத்திரிகையாளர் சந்திப்புக்குப் போனேன். பாலம் கல்லு மாதிரி இருக்கிறது, யாரும் விழவில்லை, நாளையும் திறந்திருக்கும் என்றார் அவர். கொஞ்சமும் நாக்கு கூசவில்லை. நான் எழுந்து, விழுந்தது என் அக்கா, நானே பார்த்தேன் என்றேன்.

"அது உங்க தரப்பு," என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். சுற்றியிருந்த சகாக்கள் தலையைக் குனிந்து, அவர் சொன்னதையும் நான் சொன்னதையும் அடுத்தடுத்து எழுதிக்கொண்டார்கள் பாருங்கள், அப்போதுதான் தூக்கிவாரிப்போட்டது. கூப்பிடு தூரத்தில் இருந்த பாலத்தைப் போய்ப் பார்க்க ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அலுவலகத்தில், சொந்தக்காரன் எழுதக் கூடாது என்று ஆசிரியர் செய்தியை என்னிடமிருந்து பிடுங்கி, பக்கத்து இருக்கைக்காரனிடம் கொடுத்தார். அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் சரிபாதி. திருடனுக்கும் பறிகொடுத்தவனுக்கும் வரி பிசகாமல் சமமாக இடம் ஒதுக்குவான். அடுப்பு சுடுகிறது என்று எழுதச் சொன்னால் அடுப்பிடமும் ஒரு வார்த்தை கேட்பான். ஆனால் நல்லவன், அதுதான் தொல்லையே. கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் போன் போட்டு, உறவினர் என்ற முறையில் என் கருத்தைக் கேட்டான். போய் அந்தப் படியைப் பாரடா என்று கத்தினேன். பார்த்துவிட்டு எழுதினால் ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி ஆகிவிடுமே என்றான்.

'படி இடியவில்லை: அமைச்சர். இடிந்தது: உறவினர்' என்று காலையில் செய்தி வந்தது. பாலம் திறந்தே கிடந்தது. வெயில் ஏறுவதற்குள் ஒரு தபால்காரரை மண்டையில் கட்டோடு அக்காவின் வார்டுக்கே தூக்கிவந்தார்கள். அதே படிதான். அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். எலும்பு முறிந்தபோது அழாதவள்.

கொஞ்ச நேரத்தில் சரிபாதி பழங்களோடு வந்து நின்றான். அவள் காலில் மாவுக்கட்டைப் பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த கட்டிலில் தபால்காரர் முனகுவதைக் கேட்டு நிஜமாகவே துடித்துப்போனான். பாவி, நடிக்கவில்லை.

"இப்ப உன் கண்ணாலேயே பார்த்துட்டே இல்ல தம்பி," என்றாள் அக்கா. "இன்னைக்காவது உள்ளதை எழுது. பாலத்தை மூடிடுவாங்க."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கண்டிப்பா எழுதறேங்க்கா. அமைச்சர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, நீங்க விழுந்ததா சொல்றீங்கன்னு போட்டுடறேன்."