கட்டின வரி

வரி என்ற சொல்லைக் கேட்டாலே என் அப்பா சின்னப்பனுக்கு மூக்கின்மேல் கோபம் வரும். பில் கலெக்டர் தெருமுனையில் தலை காட்டினால் போதும், மாட்டுக்கொட்டகைக்குள் போய் மறைந்துகொள்வார்.

1971-இல் எங்கள் கம்பைநல்லூர் நூலகத்தில் இளைஞர் பகுதி தொடங்க அரசாங்கம் பணம் ஒதுக்கியது. புது அலமாரி, புத்தகங்கள், ஒரு கேரம் பலகை எல்லாம் வந்து இறங்கின. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் சாணி அள்ளிக்கொண்டிருந்த எனக்கு அங்கே போக மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"பசங்க கேரம் ஆடற எடத்துல பொட்டப்புள்ளைக்கு என்ன வேல?" என்று அப்பா ஒரே போடாகப் போட்டுவிட்டார். அழுதேன். பட்டினி கிடந்தேன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் என்பதால் நான் ஒருசந்தி விரதம் இருப்பதாக நினைத்து மனுஷன் சந்தோஷப்பட்டார்.

அந்த மார்ச்சில் பில் கலெக்டரிடம் வகையாக மாட்டி வீட்டுவரி கட்டினார். அவருக்கு எழுத்துக் கூட்ட வராது. ரசீதை நான்தான் படித்துக் காட்டுவேன். அடியில் நூலக வரி என்று இருந்ததைக் கொஞ்சம் சத்தமாகவே படித்தேன்.

"அதென்ன வரி?"

"லைப்ரரிக்குப்பா. நாம கட்டற காசுந்தான் அங்க பொஸ்தகமா இருக்குது."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "ஊரான் புள்ளைங்க ஆடறதுக்கு நான் கட்டறனா? கெளம்பு புள்ள."

எங்களைப் பார்த்து நூலகர் குப்புராஜ் எழுந்தே நின்றுவிட்டார். புளி வாங்க வந்தவர்போல அப்பா ஒவ்வொரு புத்தகமாகத் தூக்கி எடை பார்த்தார். நான் ஆசையாக எடுத்த ஒல்லிப் புத்தகத்தைப் பிடுங்கித் திரும்ப வைத்தார்.

"கட்டின வரிக்கு இதா? கனமா எடு."

அன்று நான் சுமந்து வந்தது கோழி வளர்ப்பு பற்றிய தடிப் புத்தகம். எங்கள் வீட்டில் கோழியே கிடையாது. சாயங்காலம் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஒரு வரி வுடாம வாசி" என்றார். எனக்கிருந்த சந்தோஷத்தில் கோழிக் கழிச்சல்கூட இனித்தது.

பக்கத்து வீட்டு மாயவன் சும்மா இருப்பாரா? அவரும் வரி கட்டுகிறவர்தானே. மகள் பாஞ்சாலியை அனுப்பினார். பிறகு தெருவே தன் பெண்களை அனுப்பியது. கேரம் பலகைப் பக்கம் பையன்களுக்கு இடமே இல்லாமல் போனது.

அடுத்த மார்ச்சில் பில் கலெக்டர் வந்தபோது அப்பா கொட்டகைக்குப் போகவில்லை. தெருவிலேயே அவரை மறித்துக்கொண்டார்.

"ஏனுங்க, அந்த லைப்ரரி வரிய மட்டும் கொஞ்சம் சேத்து வாங்கப்படாதுங்களா?"

அவர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"எம்புள்ள அலமாரி பூராத்தையும் படிச்சு முடிச்சுட்டாளுங்க. புதுசு வாங்கோணுமில்லீங்க."