மேல் பாதித் தகடு

அவளுடைய அக்காவின் கணவர் மரக்கடை வைத்திருந்தார். பலகைகள் காற்றாடக் காய வேண்டும் என்பதால் நான்கு பக்கமும் திறந்த இரும்புக் கொட்டகை ஒன்றை மைத்துனியிடமே வரையச் சொன்னார். கட்டட இன்ஜினியரான அவள், சுவரே இல்லையே என்று கூரையில் படும் காற்றை மட்டும் கணக்கிட்டு, தூண்களை ஒல்லியாகவே போட்டுக் கொடுத்தாள்.

மழை பிடித்துக்கொண்டதும் அவர் போன் செய்தார்.

"சாரல் அடிச்சு பலகையெல்லாம் நனையுதும்மா. மேற்குப் பக்கம் மேல பாதிக்கு மட்டும் தகடு அடிச்சுக்கவா?"

அவள் அப்போது வேறொரு வேலையிடத்தில் காண்ட்ராக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "பாதிதானே அத்தான்? கீழ திறந்திருக்கே, காத்து போயிடும். அடிச்சுக்கோங்க."

அடுத்து வந்த சூறைக்காற்றில் மேற்கு வரிசைத் தூண்கள் சாய்ந்தன. பலகை அடுக்கு சரிந்து அத்தானின் கால் முறிந்தது.

ஆஸ்பத்திரியில் அக்கா அவள் மடியில் முகம் புதைத்து அழுதாள். அத்தானோ கட்டிலில் படுத்தபடி, கொட்டகையைக் கட்டிய வெல்டரைத் திட்டிக்கொண்டிருந்தார். "ஒழுங்கா பத்த வைக்காம ஒப்பேத்திட்டாம்மா. அவனைச் சும்மா விடமாட்டேன்."

போனில் 'அடிச்சுக்கோங்க' என்று தான் சொன்னது நினைவுக்கு வர, அவள் அக்காவின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் கொட்டகைக்குப் போனாள். வெல்டர் அங்கே நின்றிருந்தார்.

"மேடம், நீங்களே பாருங்க. ஒரு வெல்டிங்காவது விட்டிருக்கா? ஆனா சார் சொன்னதைக் கேட்டு, இன்னிக்கு வேலைக்குக் கூப்பிட்டவங்ககூட வேண்டாங்கிறாங்க."

குனிந்து பார்த்தாள். ஒன்றும் விடவில்லை. தூண்களின் அடியில் இருந்த போல்டுகள்தான் கான்கிரீட்டோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன.

அங்கேயே ஒரு பலகை மேல் உட்கார்ந்து, அன்று போடாத கணக்கைப் போட்டாள். முன்னால் காற்று தகட்டைத் தள்ளுகிறது; பின்னால் அதே பக்கமாக இழுக்கிறது. தகடு உச்சியில் இருப்பதால் தூணின் அடியில் நெம்புகோல் போட்ட மாதிரி பாரம். அவள் போட்ட தூணும் போல்டும் அதைத் தாங்க வழியே இல்லை.

"உங்க மேல தப்பில்ல. என்கூட வாங்க" என்று வெல்டரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். தப்பு தன் கணக்கில்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னாள்.

அத்தான் வெல்டரைப் பார்த்து, "வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. திருப்பிக் கட்டறப்ப நீங்கதான் வரணும். கணக்கை மட்டும் வேற யாராவது பாக்கட்டும்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்றது. ஆனாலும் அது நியாயம்தான்.

அக்கா திரும்பிப் பார்க்கவே இல்லை. "நேத்து உன் மடியிலதானேடி அழுதேன். அப்பகூட வாயைத் திறக்கலையே நீ."

"பயமா இருந்துச்சுக்கா."

"பேசாத. அவருக்கு மாத்திரை குடுக்கணும். தூக்கி உக்கார வை."

அவள் அத்தானின் முதுகுக்குக் கீழே கை கொடுத்து, வலிக்காமல் மெதுவாகத் தூக்கினாள்.