ஏற்றுக்கொண்டவர்களுக்குக் கேட்காத குரல்

பேராசிரியர் அம்பலவாணர் சொல்வதை யாராவது மனதார ஏற்றுக்கொண்டால், அந்த நொடியிலிருந்து அவருடைய குரல் அவர்களுக்குக் கேட்காது. காதுக்கு ஒரு கோளாறும் வராது. மழை கேட்கும், பஸ் ஹோர்ன் கேட்கும், பின்வரிசையில் ஒருவர் இருமுவது கேட்கும்; பேராசிரியரின் வாய் மட்டும் சத்தமில்லாமல் அசையும். ஒருமுறை போன குரல் எவருக்கும் திரும்பி வந்ததில்லை. மைக் வைத்தும் பார்த்தார்கள், தொலைபேசியிலும் பார்த்தார்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் எதில் பேசினாலும் இதேதான்.

அவர் யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்கு வந்து, நமுனுகுல மலைக்கு எதிரே இருந்த அந்தச் சிறிய பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்பிக்கத் தொடங்கிய இரண்டாம் வருடம் இது ஆரம்பமானது. வெலிமடை உருளைக்கிழங்கு விலை விழுந்து, மூட்டை மூட்டையாக வீதியோரம் அழுகிக் கிடந்த வருடம். கொடுத்த வாக்கை ஏன் காப்பாற்ற வேண்டும் என்று அன்று பாடம். முதல் வரிசையில் ஒரு மாணவி கையை உயர்த்தி, கொஞ்சம் சத்தமாகப் பேசச் சொன்னாள். பிறகு இரண்டாம் வரிசை சொன்னது. பேராசிரியர் உரத்துப் பேசினார், கத்தினார், கடைசியில் வாசல் காவலாளி என்ன சண்டை என்று ஓடிவந்து பார்த்தான். அவனுக்குத் துல்லியமாகக் கேட்டது. அவன் எதையும் ஏற்றுக்கொண்டிருக்கவில்லை. அந்த வருடம் மாணவர்கள் நிரப்பிக் கொடுத்த மதிப்பீட்டில், நன்றாக நடந்த வகுப்புகளுக்கெல்லாம் ‘விரிவுரையாளரின் குரல் தெளிவில்லை’ என்று குறைந்த புள்ளிகள் விழுந்தன. சொதப்பிய வகுப்புகள் நல்ல புள்ளிகள் எடுத்தன.

தொண்டை வைத்தியர் மதுசூதனனிடம் போனார். வைத்தியருக்கு அவருடைய குரல் நன்றாகவே கேட்டது. ஆகவே இதெல்லாம் மனப்பிரமை என்றார். அரை மணி நேரம் வாதாடினார்கள். பேராசிரியர் ஒவ்வொரு சாட்சியாக எடுத்து வைத்தார். வைத்தியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, “அப்பிடியெண்டா நீங்கள் சொல்லுறது சரிதான்” என்றார். பிறகு பேராசிரியரின் வாயைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிட மணியை அழுத்தினார்.

வீட்டில் யோகமலர் இருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் அவரோடு மல்லுக்கு நின்றவள், அதனால் அவளுக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருநாள் அவளுடைய அண்ணன் ஊரில் பொய்ச் சத்தியம் செய்து பக்கத்து வளவுக் கிணற்றை எடுத்துக்கொண்ட கதை வந்தது. அவள் அண்ணன் பக்கம் நின்று அழுதாள். அவர் விடவில்லை. விடிய எழும்பி வந்து, “ஓம், அண்ணா செய்தது பிழைதான்” என்றாள். அதற்கு அவர் சொன்ன மறுமொழி அவளுக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் சில வருடம் கூட இருந்தாள். பின்னர் கோண்டாவிலில் தங்கையின் வீட்டுக்குப் போய்விட்டாள். கோபித்துக்கொண்டு போனாள் என்று சொல்ல முடியாது. பதுளைக் குளிரில், வாயை மட்டும் அசைக்கும் ஒரு மனிதரோடு எவ்வளவு காலம் இருக்கலாமோ அவ்வளவு காலம் இருந்தாள்.

எழுதிக் காட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எழுதத்தான் செய்தார். பலகை நிறைய எழுதினார், பாடநூலும் ஒன்று எழுதினார். எழுதியதைப் படித்துவிட்டுப் போகலாம். குறுக்கே பேச முடியாது. அவருக்குக் குறுக்கே பேச ஒரு ஆள் வேண்டியிருந்தது.

பல்கலைக்கழகம் அவரைப் பணியாளர் அபிவிருத்தி நிலையத்துக்குப் பொறுப்பாக்கியது. புதிதாக வரும் விரிவுரையாளர்கள் பதவி உறுதியாவதற்கு முன் அங்கே பயிற்சி முடிக்க வேண்டும்: எப்படிக் கற்பிப்பது, எப்படிப் புள்ளி போடுவது, மாணவரிடம் எது கேட்கலாம், எது கேட்கக் கூடாது. முதல் வாரம் எல்லோரும் அவரோடு சண்டை போடுவார்கள். மூன்றாம் வாரம் ஒவ்வொருவராகக் காதுக்குப் பின்னால் கையைக் குவிப்பார்கள். கடைசி நாளில் அவர் மௌனப் படம் போல நின்று பேசுவார், அவர்கள் மரியாதையாக உட்கார்ந்திருப்பார்கள். பிறகு போய் நல்ல ஆசிரியர்களாக இருந்தார்கள், அதில் பொய் இல்லை. நடைபாதையில் அவரைக் கண்டால் தலையாட்டிவிட்டுக் கடந்தார்கள். கடைசிவரை அவர் குரல் கேட்டது துணைப் பதிவாளர் ஸப்ரானைப் போன்றவர்களுக்குத்தான். பேராசிரியர் எதைச் சொன்னாலும் “ஓம் சேர், நூறு வீதம் சரி சேர்” என்பார் ஸப்ரான். உள்ளே ஒன்றையும் எடுத்துக்கொள்ளாததால் காது பழுதில்லாமல் இருந்தது.

சிவசக்தி வந்தது அந்தக் காலத்தில். பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள். தாய் இராக்கம்மா இன்னும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். சமூகவியலில் தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்ந்து, பயிற்சிக்கு வந்த முதல் நாளே கையை உயர்த்தி, “சேர், நீங்க பேசுறது தொரை பங்களா வாசல்ல நின்னு பேசுற மாதிரி இருக்கு” என்றாள். மற்றவர்கள் திடுக்கிட்டார்கள். பேராசிரியர் அன்றிரவு சந்தோஷமாகச் சாப்பிட்டார்.

பயிற்சி முடிந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. புதன்கிழமை பின்னேரம் தேத்தண்ணிப் போத்தலோடு அவருடைய அறைக்கு வருவாள். தோட்டத்துத் தொரையிடம் சொல்லும் பொய் பொய்யா, சாமிக்கு வைத்த நேர்த்தியை மறந்தால் யாருக்குக் குற்றம், பரீட்சையில் பார்த்து எழுதியவனைக் காட்டிக்கொடுக்கலாமா — எதை எடுத்தாலும் அவருக்கு எதிர்ப்பக்கம் போய் உட்காருவாள். நான்கு வருடம் அவளுக்கு அவருடைய குரல் ஒரு சொல் குறையாமல் கேட்டது. அதில் ஒரு சூது இருந்தது, அது அவருக்கு மட்டும் தெரியும். அவள் தடுமாறும் இடம் வரும்போது அவர் கோப்பையை எடுத்துக்கொள்வார். வெல்லக்கூடிய கேள்வியை வாயில் வைத்துக்கொண்டே தேத்தண்ணியைக் குடித்துவிடுவார். “தோத்துட்டீங்களா சேர்?” என்று அவள் சிரிப்பாள். அவர் கையை விரிப்பார். கற்பிப்பது எப்படி என்று ஊருக்கே பயிற்சி கொடுத்தவர், ஒருத்திக்கு மட்டும் வேண்டுமென்றே அரைகுறையாகக் கற்பித்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் வருடம் அவளுடைய ஆய்வு முடிந்தது. தோட்டத்துப் பெண்களின் கர்ப்பம், கருச்சிதைவு, அவர்கள் வெளியில் சொல்லாத உடல் நோவுகள் பற்றியது. நூற்றுக்கு மேற்பட்ட பெண்களின் குரல்களைப் பதிவு செய்திருந்தாள். நெறிமுறைக் குழு ஏற்றுக்கொண்டால் பதவி உறுதியாகும். குழுத் தலைவர் அம்பலவாணர். அவர் எங்கே கையெழுத்து வைக்கிறாரோ அங்கே மற்றவர்களும் வைப்பார்கள். அறிக்கையில் ஒரு வரி இருந்தது: பெண்களின் சம்மதம் காலைப் பெரட்டில், தனித்தனியே பெயர் கூப்பிட்டுப் பெறப்பட்டது. பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியக்காலை ஆட்களை வரிசையாக நிறுத்தி அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் இடம். மற்றவர்கள் அதைக் கடந்துபோனார்கள். அவர் அந்த வரியிலேயே இரண்டு நாள் நின்றார். கையெழுத்து வைத்தால் அவளுக்கு வேலை நிலைக்கும், அவருக்குப் புதன்கிழமைகள் நிலைக்கும். அவளிடம் அந்த வரியைப் பற்றிக் கேட்டால் என்ன கேட்க வேண்டும் என்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவள் நேர்மையானவள். ஏற்றுக்கொள்வாள். பதுளையில் அவரை எதிர்த்துப் பேச அவளைத் தவிர வேறு ஆள் இல்லை.

புதன்கிழமை அவள் வந்தாள். கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினாள். அவர் தொடவில்லை.

“எங்க வைச்சுச் சம்மதம் கேட்டனீர்?”

“பெரட்டுல சேர். எழுதியிருக்கேனே. இதுக்கும் ஒரு நொட்டை சொல்லப் போறீங்களா? சொல்லுங்க, புதன்கிழமை ஆனா உங்களுக்கு அதானே வேலை.”

“ஏன் பெரட்டில?”

“வேற எங்க ஆளைப் புடிக்கிறது? மலைக்குப் போனா கொழுந்து. லயத்துக்குப் போனா சமையலு, புள்ளைங்க, குடிச்சிட்டு வர்ற புருசன். தனித்தனியா கேக்கணும்னு நீங்கதானே படிச்சுக் குடுத்தீங்க? ஒவ்வொருத்தரா பேர் சொல்லித்தான் கேட்டேன். ஒருத்தரும் மாட்டேன்னு சொல்லல.”

“ஆர் பேர் கூப்பிட்டது?”

“கணக்கப்புள்ள. தெனமும் வேலைக்குப் பேர் கூப்பிடுறவரு. எனக்கு எல்லார் பேரும் தெரியாதுல்ல? ஆனா கட்டாயம் இல்ல, விருப்பம் இல்லாட்டி வேணாம்னு நான்தான் சொன்னேன்.”

“எங்க நிண்டு சொன்னனீர்?”

“அவருக்குப் பக்கத்துலதான்…”

வழக்கமாக இந்த இடத்தில் அவர் கோப்பையை எடுப்பார். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் போலும். அவர் எடுக்காததைக் கண்டு குரலை உயர்த்தினாள். “எங்க அம்மாவே வந்து சொன்னுச்சு சேர். எனக்கு முன்ன ஒரு புள்ள கலைஞ்சதை, வீட்டுல ஒரு நாளும் வாய் தொறந்து சொல்லாததை, அன்னைக்குப் பதிவுல சொன்னுச்சு. அது பயத்துலயா சொல்லும்?”

“பெரட்டில பேர் கூப்பிட்டா, மாட்டன் எண்டு சொல்லி நிண்ட ஒரு ஆளை உமக்குத் தெரியுமோ?”

“அது வேலைக்கு சேர். இது வேற.”

“கொம்மாவுக்கு அது வேற எண்டு தெரியுமோ, பிள்ளை? இதையே வீட்டில அடுப்படியில வைச்சுக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாவோ?”

காய்ச்சலோடு எழும்பி, பெயர் கூப்பிட்டுவிட்டார்கள் என்று கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போன தாயைச் சிவசக்தி எத்தனையோ காலை பார்த்திருக்கிறாள். பெரட்டில் பெயர் வந்தால் அது வேலை. செய்துவிட்டுத்தான் மறுவேலை. சம்மதம் கேட்ட அன்று காலை அவளே ஒரு வேலையைக் கொடுத்திருக்கிறாள், பெண்கள் செய்து முடித்திருக்கிறார்கள். அவள் மேசையைப் பார்த்தபடி, “சொல்லியிருக்காது” என்றாள்.

பேராசிரியர் அதன் பிறகும் பேசினார். அறிக்கையைத் திரும்ப எடுக்க வழி இருக்கிறது, தகுதிகாண் காலத்தை ஒரு வருடம் நீட்டித் தர அவர் எழுதுவார், அவள் பயப்படத் தேவையில்லை என்றெல்லாம் சொன்னார். அவள் தலையை நிமிர்த்தி அவருடைய வாயைப் பார்த்தாள்.

“சேர்?”

அவர் நிறுத்தினார்.

“கேக்கல சேர்” என்றாள். இந்தக் கதை அவளுக்கும் தெரியும், பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தனக்கு வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் அழுதாள். அவர் சொல்ல வந்ததைத் துண்டில் எழுதிக் கொடுத்தார். அவள் படித்தாள். குறுக்கே ஒன்றும் சொல்லவில்லை.

அறிக்கையைத் திரும்ப எடுத்தாள், பதிவுகளை அழித்தாள். அடுத்த வருடம் முழுக்க, வேலை முடிந்த பின்னேரங்களில் லயம் லயமாக ஏறி இறங்கி, கணக்கப்பிள்ளை இல்லாமல், திரும்பக் கேட்டாள். பாதிக்கு மேல் மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். முதலில் அப்படிச் சொன்னவள் தாய் இராக்கம்மா. “அதெல்லாம் எதுக்குடி இப்ப? போய் வேற சோலியப் பாரு” என்றாள். ஆய்வு மெலிந்து போனது. தேர்வாளர்கள் அதைப் பெரிதாகப் புகழவில்லை. பதவி ஒரு வருடம் பிந்தி உறுதியானது. இப்போது பயிற்சியில் சம்மதம் பற்றிய பாடத்தை அவள்தான் எடுக்கிறாள். அவளுடைய குரல் எல்லோருக்கும் கேட்கிறது. அதை யாரும் அதிசயமாகச் சொல்வதில்லை.

பேராசிரியர் இன்னும் அதே அறையில் இருக்கிறார். சிவசக்தி இப்போதும் புதன்கிழமை வருகிறாள். அந்த வார விஷயங்களைச் சொல்வாள், அவர் மறுமொழி சொல்வார், ஒரு மறுமொழிக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவாள். போன மாசி மாதம் ஒரு புதன்கிழமை, மூடுபனி சன்னல்வரை வந்து நின்ற பின்னேரம், அவர் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். நான்கு வருடமாகக் கோப்பையை ஏன் எடுத்தார் என்பதைச் சொன்னார். அந்த அறிக்கையில் கையெழுத்து வைக்கப் பேனையைத் திறந்ததையும், திரும்ப மூட இரண்டு நாள் எடுத்ததையும், அந்த இரண்டு நாளும் தோட்டத்துப் பெண்களைப் பற்றி ஒரு தடவைகூட நினைக்கவில்லை என்பதையும் சொன்னார். துண்டில் எழுதவில்லை. நெடுநேரம் பேசினார்.

அவருடைய வாய் நின்றதும், “முடிஞ்சுதா சேர்?” என்று கேட்டாள்.

அவர் தலையாட்டினார்.

“சரி, பஸ் போயிரும், நான் வாறேன்” என்று சொல்லி, கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.